ராகுகாலத்தில் நின்றுபோன சேர்வர்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஓ லெவல் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள், அப்ளிகேஷன் சேர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது பற்றி எழுத வருவது கொஞ்சம் அதிகம்தான். இதை எழுதப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுதுவதில் பயம் என்ற விஷயமே வருவதில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கேற்றரிங் கடையில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் வந்தால் பின்பக்கம் ஒளிந்துகொள்வேன். இதைக் கவனித்த முதலாளி குகன் அண்ணை, "கதைக்க மாட்டாட்டி கொம்பியூட்டரோட இருக்கட்டும்" என்று என்னைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே இருந்த பெட்டிதான் ஓடர்களை வாங்கும். ட்றேகளில் ஒட்டும் தமிழ் லேபிள்களையும் அச்சடிக்கும். அது நின்றுபோனால் திரும்பத் தொடக்குவது என் வேலை. (அது ஒருநாளும் நின்றதில்லை. அதனால் எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர்.)

அந்த மென்பொருளைச் செய்து தந்தவர் கார்த்திக். சென்னையிலிருந்து வந்து, நகர நடுவில், டவுன்ரவுனில் வேலை செய்பவர். ஒருநாள் அவர் தொலைபேசியில் வந்து, பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, மாற்றியே ஆக வேண்டும் என்றார்.

"நீங்க பாக்குற ஓடர் பக்கம் வீடு மாதிரி அக்கா. சேர்வர்ங்கிறது கீழ இருக்கிற பேஸ்மன்ட். மேல ஆளுங்க இருக்கும்போதே கீழ மாத்துறோம். பயப்படாதீங்க."

இந்த நாட்டில் என்னிடம் 'பயப்படாதீங்க' என்று சொன்ன பல் வைத்தியரும், கார் ஓட்டப் பழக்கியவரும், அடுத்த நிமிடமே பயப்படும்படியாக எதையோ செய்திருக்கிறார்கள்.

ஆனாலும் அவர் சொல்லி, பிறகு குறிப்பாக எழுதியும் அனுப்பியது நல்ல புத்திமதி. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பழசுக்கு மேலே புதுசைப் போடாமல் பக்கத்தில் போடுங்கள். பழசில் மாற்றி வைத்த செட்டிங்குகள் தானாக வராது, ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்து வையுங்கள். முதலில் வேறு லப்டொப்பில் செய்து பாருங்கள். கடை பூட்டியிருக்கும் திங்கட்கிழமை மாற்றுங்கள்.

நான் லப்டொப்பில் செய்து பார்த்தேன். ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று ஒரு ஓடர் அடித்தேன். லேபிள் அழகாக வந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் கடைசி.

திங்கட்கிழமைக்கு மறுப்பு வந்தது முதலாளியின் மனைவி ராணி அக்காவிடமிருந்து.

"வாற திங்கள் கரிநாள். கார் வாங்கினா எலுமிச்சம்பழம் வைக்கிறம், வீடு வாங்கினா பால் காய்ச்சுறம். உந்தப் பெட்டியை மட்டும் சும்மா மாத்திறதோ?"

ஐயரிடம் கேட்டார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன் நல்ல நேரம். அன்று மோர்னிங்சைட்டில் சிவநேசன் அங்கிளின் மகளுக்குக் கல்யாணம். முழுக்கச் சைவச் சாப்பாடு, எங்கள் கடையில்தான் ஓடர். அதே நாளில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு மட்டன் ரோல்ஸும் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். 'சரி அக்கா' என்றுதான் வந்தது.

சனிக்கிழமை ராணி அக்கா சேர்வர் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். நான் குறிப்புகளை ஒவ்வொரு வரியாக, திரும்பத் திரும்பப் படித்துச் செய்தேன். பழசை நிறுத்தினேன். புதுசைத் தொடங்கக் கையை வைத்தபோது ராணி அக்கா மணிக்கூட்டையும் சுவர்க் கலண்டரையும் பார்த்தார்.

"ராகுகாலம் பிறந்திட்டுது. கையை எடும்."

"அக்கா, பழசை நிப்பாட்டிப் போட்டன். புதுசு இன்னும் தொடங்கேல்ல."

"அப்ப பிறகு தொடங்கும்."

"பழசையெண்டாலும் திருப்பிப் போடட்டோ?"

"அதுவும் தொடங்கிறதுதானே."

இதற்குக் கார்த்திக்கின் குறிப்பில் பதில் இல்லை. அவரையே அழைத்தேன்.

"பாதியில நிறுத்தி வச்சிருக்கீங்களா? ஏன்க்கா?"

"ராகுகாலம் தம்பி."

"எங்க அம்மாவும் இப்படித்தான்" என்றார். முடிந்ததும் கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டார்.

ஒன்றரை மணித்தியாலம் வீடு இருந்தது, பேஸ்மன்ட் இல்லை. குசினியிலிருந்து ட்றேகள் வந்துகொண்டேயிருந்தன. மட்டன் ரோல்ஸும் சைவ ரோல்ஸும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே மூடி. லேபிள் வந்ததும் ஒட்டலாம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். யாரோ வழியை மறிக்கிறது என்று அடுக்கை மாற்றி வைத்தார்கள்.

ராகுகாலம் முடிந்ததும் புதுசைத் தொடக்கினேன். ஓடியது. லேபிள்களும் வந்தன. எல்லாவற்றிலும் வெறும் கேள்விக்குறிகள். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

சிவநேசன் அங்கிள் பட்டு வேட்டியோடு வந்து நின்றார். ஒரு லேபிளைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ரோல்ஸ் எங்களைக் கேள்வி கேக்குதோ?"

"எழுத்து வரேல்ல அங்கிள்."

"எழுத்துக் கிடக்கட்டும். இது சைவமோ, மச்சமோ?"

"தெரியாது அங்கிள்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை பகுதி மச்சம் தொடாத ஆக்கள். ஒரு ரோல் மாறிப் போனாலும் என்ர பிள்ளை காலம் முழுக்கக் கதை கேக்க வேணும்."

அப்போதுதான் கவனித்தேன், அவர் அந்த லேபிளை நகமளவுக்கு மடித்திருந்தார். என்னைவிடப் பயந்த ஒருவர்.

குகன் அண்ணை மேல் ட்றேயிலிருந்து ஒன்றைப் பிய்த்தார். மட்டன். அங்கிள் அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொரு ட்றேயாகத் திறந்து, பிய்த்து, பார்த்துப் பிரித்தோம். முடிந்தபின் அங்கிள் சொன்னார்:

"உங்கட லேபிளை இனி நம்பேலாது. ஆள் ஒண்டு வரவேணும்."

குகன் அண்ணை என்னைக் காட்டினார்.

மண்டபத்தில், தலையில் வலையும் இடுப்பில் ஏப்ரனுமாக, ரோல்ஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "ஓம், சைவம்." "ஓம் அங்கிள், சைவம்." மாப்பிள்ளையின் தாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வடிவாத் தெரியுமோ?"

"பிச்சுப் பாத்தது அன்ரி."

கனடாவுக்கு வந்தபின் நான் அவ்வளவு கதைத்தது அன்றுதான். கல்யாண வீடியோவில் மணமக்களைவிட நான் அதிகமாக வருகிறேன் என்று கேள்வி. பார்க்கத் தைரியமில்லை.

ஆகவே என் புத்திமதி: வெள்ளோட்டம் பார்க்கும்போது உங்கள் கடையில் நிஜமாக ஓடும் மொழியிலேயே பாருங்கள். அன்றைய லேபிள்களை முன்கூட்டியே அச்சடித்து வையுங்கள். நேரம் பார்ப்பதென்றால் தொடங்க மட்டும் பார்க்காதீர்கள், முடிக்கவும் பாருங்கள். பழசை நிறுத்திவிட்டு நடுவில் மட்டும் நிற்காதீர்கள்.

வீட்டில் இப்போது எனக்கு லேபிள் என்று பெயர். சட்டி மூடியிருந்தால் என் கணவர் திறந்து பார்ப்பதில்லை. "லேபிள், உதுக்குள்ள என்ன?" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் பதில் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, கார்த்திக் கடைக்கு வந்து, நான் எடுத்து வைக்க மறந்த, எழுத்து சம்பந்தமான ஒரு செட்டிங்கைச் சேர்த்தார். லேபிள்கள் தமிழில் வந்தன. அன்று மழை. ஓடர் குறைவு.