பவுடர் டப்பா மைக்

மைக் செட் துளசிங்கத்திடம் ஜெகநாதன் இரவல் வாங்கி வந்த மைக் ஒயரின் முனை சுண்டுவிரல் தடிமன் இருந்தது. துபாயிலிருந்து வந்த டேப் ரெக்கார்டரின் ஓட்டையிலோ தீக்குச்சிதான் நுழையும்.

"பொட்டிக்குள்ளயே மைக் கீதுன்னு பக்தவச்சலம் சொன்னாரே" என்றாள் அவன் மனைவி காஞ்சனா.

"அதுல பக்கத்து வூட்டு தறி சத்தம்தான் பதியும். நீ சும்மா இரு."

பொட்டியை அனுப்பியவன் காஞ்சனாவின் தம்பி பஞ்சாட்சரம். அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டு துபாய் போனவன். அங்கிருந்து லீவில் ஊருக்குக் கிளம்பிய பக்தவச்சலத்திடம் பொட்டியைக் கொடுத்து, "அக்கா பேசி அனுப்பட்டும், பார்க்கலாம்" என்றிருந்தான். குழந்தை பத்மாவுக்கு அடுத்த மாதம் திருத்தணி மலையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். மடி துபாயில் இருந்தது. பக்தவச்சலமோ அன்று சாயங்காலமே துபாய் திரும்புகிறார்.

ஜெகநாதனுக்கு விசைத்தறியில் வேலை. ஊரில் எந்த ரேடியோ கரகரத்தாலும் கூப்பிடாமலே போய் நிற்பான். காலிப் பவுடர் டப்பாவுக்குள் இரண்டு பழைய ரேடியோ பாகங்களை வைத்துப் பற்றவைத்தான். ஒரு பக்கம் பெரிய மைக், மறுபக்கம் சின்ன முனை. பொட்டியில் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள். நல்ல காரியமாயிற்றே என்று வலது பக்கத்து ஓட்டையில் சொருகி, ஆடாமல் இருக்கப் பஞ்சர் பசையும் தடவினான்.

காஞ்சனா தலையைக் கோதிக்கொண்டு விறைப்பாக ஆரம்பித்தாள். "பஞ்சாட்சரத்துக்கு அக்கா எழுதிக்கொள்வது..."

"எழுதல, பேசுற."

"பாப்பாவுக்கு காதுகுத்து. வரணும்னா வரலாம்."

போட்டுப் பார்த்தால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நேற்றுவரை பாட்டுப் பாடிய பொட்டி. டப்பாவைப் பிரித்து ஒரு பாகத்தைக் கழற்றினான். அப்போதும் ஊமை. டார்ச் பேட்டரியை இணைத்தான். துளசிங்கத்தின் மைக் சூடாகி, கருகல் வாசனை வந்தது.

"இன்னொரு வாட்டி பார்க்கலாம்" என்று பதிவு செய்யும் சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டு, பற்றவைக்கும் சூட்டுக்கோலை அவசரமாகக் கீழே வைத்தான். வைத்த இடம் காதுகுத்துக்கு எடுத்த புதுப் புடவை. ரூபாய் நாணயம் அளவு ஓட்டை விழுந்தது.

காஞ்சனா கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் ஜெகநாதனுக்குப் பயமாக இருந்தது.

"போவட்டும் உடுங்க. அவனே வரலன்னா புடவை எதுக்கு? நான்தான் அன்னிக்கு வாய உட்டுட்டேன். ஊருக்குப் போறவன வழியனுப்பாம கதவ சாத்திகினேன். ரசம் வெக்கும்போதெல்லாம் அவன் நெனப்புதான். அங்க எவன் வெச்சுக் குடுப்பான்? அவன் மடி இல்லன்னா பாப்பாவுக்கு காதே குத்த வாணாம்."

ஜெகநாதன் புடவையின் ஓட்டையை விரலால் மூடிப் பார்த்தான். அழத் தெரியாதவனுக்குக் கோபம்தானே வரும். "எல்லாம் உன் தம்பியால. அவன் மூஞ்சி மாரியே ஒரு பொட்டிய பாத்து அனுப்சிகிறான், கஞ்சப்பய."

கேசட் முடிந்து, சிவப்புப் பட்டன் தானாகத் துள்ளி நின்றது. வாசலில் பக்தவச்சலம் பெட்டியும் கையுமாக நின்றார்.

ஜெகநாதன் பவுடர் டப்பாவைப் பிய்த்தெடுத்தான். கேசட்டோடு ரெக்கார்டரை நீட்டினான். "கெட்டுப்போச்சுங்க. அவன்கிட்டயே குடுத்து மாத்திக்க சொல்லுங்க."

"காதுகுத்து தேதியவாவது சொல்லிடுங்கண்ணா" என்றாள் காஞ்சனா.

"ஆங், சொல்றேம்மா."

காதுகுத்து அன்று மலைமேல் குழந்தைக்கு மொட்டை போட்டாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்து, "மடி யாருதுங்க?" என்றார். காஞ்சனா ஒட்டுப்போட்ட புடவையில் தலைகுனிந்து நின்றாள்.

சென்ட் வாசனையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்து சம்மணம் போட்டான். பஞ்சாட்சரம்தான்.

காஞ்சனா குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ரசம் வெச்சிருக்கியாக்கா?" என்றான் அவன்.

"ரசத்த பத்தி உனுக்கு யாருடா சொன்னது?"

பஞ்சாட்சரம் பையிலிருந்து அதே ரெக்கார்டரை எடுத்து ஜெகநாதன் பக்கம் தள்ளினான்.

"பொட்டி நல்லாத்தான் கீது பாவா. நீங்க பசை தடவி சொருவினது, காதுல மாட்டிகினு கேக்கற ஓட்டை. அதுல எதுனா சொருவினா ஸ்பீக்கரு ஊமையாயிடும். அதான் சத்தம் வெளிய வரல. உள்ள கீற மைக்குல எல்லாமே பதிஞ்சிருச்சு, அக்கா ரசத்துல இருந்து என் மூஞ்சி வரைக்கும்."