என் மனைவி எழுதிய புத்தகத்தை நான் எழுதிய கதை

இந்த வீட்டில் ஆண்பிள்ளை யார் என்று ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பின்னே என்ன? பூர்கோஸ் நகரத்தில் கம்பளி வியாபாரம் பண்ணுகிற எந்த வீட்டிலாவது மனைவி புத்தகம் எழுதுகிறாளா? என் மனைவி மென்சியா எழுதினாள். மூன்று பிள்ளைகளுக்கும் கல்யாணம் முடித்த கையோடு உட்கார்ந்தவள், ஆறு வருஷம் எழுதினாள். ஜெபம் முடித்தால் மைக்கூடு, மைக்கூட்டை மூடினால் ஜெபம். கடவுள் ஆணுக்கும் பெண்ணுக்கும் அறிவைச் சமமாகத்தான் கொடுத்தார் என்பது புத்தகத்தின் விஷயம். கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் வாசிக்கவில்லை.

சந்தையில் தலைகாட்ட முடியவில்லை. துணி வெட்டுகிற வெலாஸ்கோ நாலு பேர் நடுவில் கேட்கிறான்: "அண்ணே, வீட்ல அண்ணி எழுதறாங்களாமே. அப்ப பன்றிக்கறிக்கு உப்புப் போடறது யாரு, நீங்களா?"

இப்படி நான் வெந்துகொண்டிருந்தபோதுதான் பேராலயத்திலிருந்து கடிதம் வந்தது. புத்தகத்தின் முதல் சில தாள்களை யாரோ ஒரு கன்னியாஸ்திரீ கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். குருமார் கூடிப் பேசினார்களாம். எழுத்து அருமை, ஆகவே பெண் எழுதியிருக்க முடியாது. எழுதிய ஆண் சபைக்கு வந்து வாசித்தால், அவர் பெயர் போட்டு அரசிக்கு அனுப்புவார்களாம்.

"நான்தான் எழுதினேன்னு சொல்லிடப் போறேன்" என்றேன்.

மென்சியா கொண்டைக்கடலையைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "எதுக்குங்க?"

"உன்னை யாரும் நம்ப மாட்டாங்கடி."

"இவதான் எழுதினா, நான் கண்ணால பார்த்தேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க."

"சொன்னா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"சொல்லாட்டி என் ஆறு வருஷத்தைத் திருடறீங்க."

"புருஷன் எடுத்தா திருட்டா? உன்னோடது எல்லாம் என்னோடதுதான். சட்டமே அப்படித்தான்."

"மூணு தடவை பிரசவ வலி வந்துச்சே. அதுல உங்க பங்கை ஏன் வாங்கிக்கல?"

மேஜையை ஓங்கிக் குத்தினேன். கைதான் வலித்தது. மென்சியாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அன்றைக்கு அது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சரி, அப்படியே செய்ங்க. கடைசித் தாள் ஒண்ணு பாக்கி இருக்கு. எழுதிக் குடுத்துடறேன். போறதுக்கு முன்னால முழுசா ஒரு தடவை வாசிச்சுடுங்க."

"எழுதினவனே நான்தான்கிறேன். எனக்கே வாசிக்கச் சொல்லித் தர்றியா?"

ஜெயித்துவிட்டேன்.

பேராலய மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் குருமார். நடுவில் வெலாஸ்கோ வகையறா. பின்னால் பெண்கள், அவர்களோடு மென்சியா, கையில் ஜெபமாலை. பெரிய குருவான குத்தியேரே, புத்தகத்துக்குப் போடும் அட்டையின் மேல் என் பெயரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். எனக்கு நல்ல குரல். எடுத்து வாசித்தேன்.

'உயிர்த்தெழுந்த செய்தியை ஆண்டவர் பெண்களிடம்தான் முதலில் கொடுத்தனுப்பினார். சீடர்கள் அதைப் பிதற்றல் என்றார்கள். ஆனால் கல்லறை காலியாகத்தான் இருந்தது.'

குருமார் முகம் சிவந்தது. நான் தொடர்ந்தேன்.

'எங்கள் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, இவர்களுக்கு எழுத வராது என்கிறீர்கள். கட்டியவர்களே, வெட்கமாக இல்லையா?'

எல்லோரும் என்னை முறைத்தார்கள். திட்டியது என் வாய், திட்டு விழுந்ததும் என் மேல்தான். அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

குத்தியேரே மட்டும் மெச்சினார். "என்னா ஆவேசம்யா. ஆம்பளைக்குத்தான் இந்தத் தைரியம் வரும்."

என் நெஞ்சு ஒரு முழம் நிமிர்ந்தது. அந்த வேகத்திலேயே கடைசித் தாளைப் புரட்டி, தூண்கள் அதிர வாசித்தேன்.

'இதை எழுதியவள் ஒர்தோன்யோவின் மனைவி மென்சியா. தாம் எழுதியதாக என் கணவர் சொல்லுவார். அவர் இதில் ஒரு வரிகூட வாசித்ததில்லை. வாசித்திருந்தால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்.'

நாக்கு முன்னால் போய்விட்டது. மூளை வந்து சேர்ந்தபோது தாள் முடிந்திருந்தது.

குத்தியேரே எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்வரிசையைப் பார்த்தார். போய் உட்கார்ந்து, என் பெயரை அடித்துவிட்டு அதன் மேல் மென்சியா என்று எழுதினார். தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.

பின்வரிசையிலிருந்து அந்தத் தாழ்ந்த குரல் வந்தது.

"என்னங்க, இங்க பொம்பளைங்களுக்குச் சரியாக் கேக்கலையாம். இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தேன்.