நான்காவது தும்மல்

போடிநாயக்கனூரில் பிறந்தவனுக்கு ஏலக்காய்த் தூசி ஆகாது என்று சொன்னால், மருத்துவரே முதலில் சிரித்துவிட்டுத்தான் மாத்திரை எழுதுகிறார். இந்த ஊரில் அந்தத் தூசிக்குத் தப்ப முடியாது. தெருவுக்குத் தெரு காய் தரம் பிரிக்கிறார்கள். பஸ்சில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர் சட்டையில்கூட அது இருக்கும். என் மூக்குக்கும் இந்த ஊருக்கும் ஐம்பது ஆண்டுப் பகை.

தினமும் எத்தனை தும்மல் என்று குறித்துவரச் சொன்னார் மருத்துவர். ஒரு மாதத்துக்குத்தான் சொன்னார். நான் இன்றுவரை நாட்குறிப்பில் எழுதிவருகிறேன். எனக்குத் தும்மல் ஒன்றாக வராது. ஐந்து, ஆறு என்று வரிசையாகத்தான் வரும். (என் மனைவி சாந்தி அடுப்படியில் இருந்தபடியே எண்ணுவாள். "அஞ்சோட நின்னுருச்சு, இன்னைக்குப் பரவால்ல.") போன வாரம்வரை ஒரே ஒரு நாள்தான் ஒன்றோடு நின்றது. அந்த நாளைத்தான் என் குடும்பம் இன்னும் மறக்க மாட்டேன் என்கிறது.

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியன். சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. நம்பாதவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பல்லி சொன்னால் வீட்டார் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். நான் பல்லி எதற்காகக் கத்துகிறது என்று விளக்குவேன். பூனை குறுக்கே போனால் அந்தப் பூனைக்கு எதிர்ச்சாரியில் என்ன வேலை இருந்திருக்கும் என்று விளக்குவேன். இதனால் எவரும் மனம் மாறியதாகத் தெரியவில்லை. பூனையைப் பார்த்து நின்றவர்கள், என்னைப் பார்த்தால் வேறு தெருவில் போகத் தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவன் தலையில்தான் என் தங்கை ராஜாத்தியின் மகள் கயல் தன் கல்யாணப் பொறுப்பைக் கட்டினாள். கூடப் படித்த, பக்கத்துத் தேவாரம் ஊர்ப் பையன் வினோத்தைத்தான் கட்டுவேன் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். பையனுக்குத் தாய் இல்லை. வளர்த்தது அத்தை பொன்னுத்தாய். அந்த அம்மாள் தலையசைக்காமல் அவர்கள் வாழைத்தோப்பில் இலைகூட அசையாது. நடையாய் நடந்து, கொடுத்த காப்பியை எல்லாம் குடித்து, அந்தத் தலையை ஒருவழியாக அசைய வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவானது. நாலரைக்கு ராகு காலம் பிறக்கும். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும்.

தங்கையின் கணவர் செல்லப்பாண்டிக்குக் குரங்கணிக்கு மேலே சின்னதாய் ஓர் ஏலத்தோட்டம். நிச்சயத்துக்கு முதல் நாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், கூடத்தில் சுவரோரமாக ஏலக்காய் மூட்டைகள்.

"மாப்ளே, இத உள்ள தள்ளுங்க. எனக்கு ஆகாதுன்னு தெரியும்ல?"

"உள்ள தள்ளிட்டா சம்பந்தகாரக எப்பிடிப் பாப்பாக மச்சான்?"

அவர் நியாயம் அவருக்கு.

மறுநாள் கூடம் நிறைந்து வழிந்தது. எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுத் தட்டைத் தாய்மாமன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் தட்டைத் தூக்கினேன். எதிரே பொன்னுத்தாய் அம்மாள் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து, வந்தவர்களுக்கு வேர்க்கிறதே என்று யாரோ ஒரு புண்ணியவான் மேசை விசிறியை மூட்டைகளின் பக்கமாகத் திருப்பிவிட்டார்.

தும்மினேன். தட்டிலிருந்த குங்குமத்தில் பாதி, வினோத்தின் வெள்ளைச் சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

பொன்னுத்தாய் அம்மாளின் கை பின்னால் போனது. "ஒத்தத் தும்மல்," என்றார்.

"ஒரு நிமிசம் பொறுங்க," என்றாள் சாந்தி. "அவருக்கு வரிசையா வரும். ஒண்ணோட நின்னதே இல்ல." என்னைப் பற்றி அவள் இவ்வளவு பெருமையாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ரேஷன் கடையில் லோடு இறங்குமா என்று பார்ப்பதுபோல் கூடமே என் மூக்கைப் பார்த்தது. மூக்கு அசையவில்லை.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அம்மா, தும்மல் என்பது ஓர் அனிச்சைச் செயல். மூக்கின் உள்சவ்வில் ஒரு தூசி பட்டால்..." என்று தொடங்கினேன்.

"சரிங்க வாத்தியாரே. இந்த வீட்டுல இத்தன மூக்கு இருக்கு. அந்தத் தூசி ஏன் தட்டத் தூக்குன மூக்காப் பாத்துப் போச்சு? அதுவும் நான் கைய நீட்டயில?"

மேசை விசிறியைக் காட்டினேன். அந்த அம்மாள் அதைப் பார்க்காமலே தொடர்ந்தார்.

"போன தையில ஒருத்தன் எங்க களத்துல நின்னு ஒத்தையாத் தும்முனான். அன்னைக்குத்தான் ஆனை எறங்கி வாழையப் பூராம் மிதிச்சுட்டுப் போச்சு."

"அங்க அடிக்கடி ஆனை எறங்குமேம்மா!"

"அடிக்கடி எவனாச்சும் தும்முறான்ல?"

கூடமே சிரித்தது. என் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னொண்ணு வரட்டும், தடை வெலகிரும், தட்ட மாத்துவோம்," என்றார் பொன்னுத்தாய் அம்மாள். "வரலேன்னா இன்னொரு நாளு பாத்துக்கிருவோம்."

எங்கள் பக்கம் 'இன்னொரு நாள்' என்றால் அந்த நாள் வராது என்று பொருள். ராஜாத்தியின் முகம் வெளுத்தது. உள்ளறையின் திரையை விலக்கிக்கொண்டு கயல் எட்டிப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

"மாமா, வெளக்கம் போதும். தும்முங்க."

முயன்றேன். செல்லப்பாண்டி ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தார். முகத்தை அதற்குள் விட்டேன். அத்தனை ஆண்டு கலகம் செய்த மூக்கு, தியானத்தில் உட்கார்ந்துவிட்டது. மிளகுத்தூள் வந்தது, கண்தான் எரிந்தது. வெயிலைப் பார்த்தால் வரும் என்றார் ஒருவர். வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். நான் அண்ணாந்து நிற்க, பின்னால் ஒரு கூட்டமே நின்று என்னைப் பார்க்க, எதிர்வீட்டுக்காரர் "கிரகணமா அண்ணே?" என்று கேட்டுத் தானும் அண்ணாந்தார்.

கடைசியில் பொன்னுத்தாய் அம்மாளே சுருக்குப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "எம்பொடிய இழுங்க. வெரசா, நேரமாகுது."

மூடநம்பிக்கையை எதிர்த்து மேடை ஏறிப் பேசியவன், சகுனத்தைச் சரிக்கட்ட மூக்குப்பொடி இழுத்தேன். மண்டைக்குள் வெடி வைத்தது போல் இருந்தது. ஒன்று. இன்னொன்று. அத்தோடு நின்றது.

"ரெட்டை! ரெட்டை!" என்று கத்தினார் செல்லப்பாண்டி. "கொண்டா தட்ட!"

பொன்னுத்தாய் அம்மாளின் முகமும் இளகியது. "சரித்தேன், ரெண்டு வந்துருச்சு," என்று கை நீட்டினார்.

"மொத்தம் மூணு," என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. தும்மலுக்குப் பொருள் இருக்கிறது என்று நம்புகிற அத்தனை பேரும் இரண்டு என்று ஒத்துக்கொண்டபின், அதை நம்பாத ஒரே ஆள் மூன்று என்று திருத்தினேன். என்ன செய்வது? எனக்கு உண்மையான அனிச்சைச் செயல் தும்மல் அல்ல, திருத்தல்.

நீட்டிய கை மறுபடியும் மடங்கியது. "ஆமா. முந்தி ஒண்ணு. இப்ப ரெண்டு. ஒத்தப்படை."

செல்லப்பாண்டி ஒரு மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார். சாந்தி கண்ணை மூடிக்கொண்டாள். "அண்ணே, ஒனக்கு எதுக்குண்ணே இந்தச் சோலி?" என்று அழுதாள் ராஜாத்தி. ராகு காலத்துக்குச் சில நிமிடங்களே இருந்தன. டப்பாவும் காலி.

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"அச்...சும்!"

தும்மலில் எனக்கு இருக்கும் அனுபவம் இந்த மாவட்டத்தில் வேறு எவருக்கும் இருக்காது. தும்மலுக்கு முன் மூச்சு உள்ளே இழுபடும், இதில் இழுபடவில்லை. எழுத்துகள் சுத்தமாகக் கேட்டன. வகுப்பில் சொல்வதெழுதுதலுக்கே கொடுக்கலாம்.

பொன்னுத்தாய் அம்மாள் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, தலையில இடி விழுந்தாலும் நீங்க கணக்கத் தப்பாச் சொல்ல மாட்டீக. இப்பத்தான் பாத்தோம். சொல்லுங்க. அது தும்மல்தானா?"

திரைக்குக் கீழே மருதாணி போட்ட இரண்டு பாதங்கள் தெரிந்தன. விரல்கள் தரையை இறுகப் பற்றியிருந்தன.

"தும்மல்தான்," என்றேன். "நாலு."

தட்டு மாறியது.

பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது (அதிலும் ஏலக்காய்!) பொன்னுத்தாய் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது பொய்த் தும்மலுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீக? புள்ள வளத்தவ நானு. பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு எங்க வினோத்து இருமாத இருமலா?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "தெரிஞ்சா ஏம்மா என்னையக் கேட்டீங்க? அப்ப சகுனம்னு ஒண்ணு கெடையாதுதான?"

"ஏங் கெடையாது? இந்தப் புள்ளைக்காக நீங்க கணக்கத் தப்பாச் சொன்னீகள்ல. அதான் சகுனம்."

இப்படிப்பட்டவர்களிடம் எதை விளக்குவது? பாயசத்தைக் குடித்தேன்.

கயலும் வினோத்தும் இப்போது பெங்களூரில் நன்றாக இருக்கிறார்கள். நான்தான் நன்றாக இல்லை. வீட்டில் யார் தும்மினாலும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புகிறது. "இது கணக்குல சேருமா?" என்று கயலின் மகள்வரை கேட்கிறார்கள். பொன்னுத்தாய் அம்மாள் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு தார் வாழையும் ஒரு டப்பா மூக்குப்பொடியும் கொடுத்தனுப்புகிறார்.

போன வாரம் வங்கிக்குக் கிளம்பி வாசற்படியில் கால் வைத்தேன். தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று. தூசிதான், எனக்குத் தெரியாதா? செருப்பு வாரைச் சரிசெய்வதற்காகச் சற்று நின்றேன். வார் சரியாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் நின்றேன்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அச்...சும்!" எழுத்துகள் சுத்தமாகக் கேட்டன. "போதும், கெளம்புங்க," என்றாள் சாந்தி.

படியிறங்கினேன். அன்றைய நாட்குறிப்பில் 'தும்மல்: இரண்டு' என்று இருக்கிறது.