சிலோன் குதிரையும் பெண்டிழந்தான் சுழியும்

கடவுள் படைத்த எந்த ஜீவனையும் முதல் பார்வையில் பாஸ் போடாத மனிதர் கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். பல்லடத்தில் ஜின்னிங் பேக்டரி வைத்திருந்தார். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிப்பது இயந்திரத்தின் வேலை. மாட்டிலிருந்து அதன் விதியைப் பிரித்தெடுப்பது அவருடைய வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்கே அது மறந்துபோயிருந்தது. 'சுழிக்காரர், பல்லடம்' என்று எழுதினால் கடிதம் வந்துவிடும்.

மாட்டின் உடம்பில் மயிர் வட்டமாகச் சுற்றி முளைக்கிற இடத்துக்குச் சுழி என்று பெயர். நெற்றியில் ராஜ சுழி இருந்தால் பண்ணையம் பெருகும். காலில் விலங்குச் சுழி இருந்தால் வாங்கினவன் ஜெயிலுக்குப் போவான். முதுகில் பாடைச் சுழி இருந்தால் எங்கே போவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுழிக்காரர் சந்தைக்குள் நுழைந்தால் தரகர்கள் துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிடுவார்கள். மாடுகள்கூட ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

மனிதர்களையும் அவர் விடுவதில்லை. இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா வேலைக்கு நான் போய் நின்றபோது சர்டிபிகேட்டைப் பார்க்காமல் என் தலையைப் பிடித்துக் குனிய வைத்தார்.

"ரெட்டைச் சுழி கண்ணு. ரெண்டு கலியாணம், இல்லாட்டி ரெண்டு தொழிலு. எதுன்னாலும் ஒரு எடத்துல நிக்க மாட்டே."

பல்லடத்தில் அப்போது இங்கிலீஷில் கடிதம் எழுத வேறு தலை கிடைக்காததால் எடுத்துக்கொண்டார். பகலில் குமாஸ்தா, மற்ற நேரத்தில் கவிதை என்று அவர் சொன்ன பலனை இரண்டாவது வழியில் தீர்த்துவிட்டேன். முதல் வழியைப் பற்றி என் மனைவி இன்றைக்கும் அவ்வப்போது விசாரிக்கிறாள்.

நாற்பத்தைந்து வயதில் அவர் பிரம்மச்சாரியாக இருந்ததற்குத் துறவு காரணமில்லை. பதினோரு பெண்களைப் பார்த்துப் பதினோரு தலைகளிலும் குற்றம் கண்டிருந்தார். பன்னிரண்டாவதாக வந்தவரை அவர் பெண் பார்க்கப் போகவில்லை. அவரே வந்தார், சண்டைக்கு. பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. பருத்தி வண்டிகள் பள்ளிக்கூட வாசலை அடைத்து நிற்கின்றன என்பது புகார்.

"ஏனுங்க, உங்க பஞ்சு மூட்டைக்கு இருக்கற மரியாதை எங்க பிள்ளைகளுக்கு இல்லீங்களா? நாளைக்கு ஒரு வண்டி நின்னாலும் மாட்ட அவுத்துக் கிளாஸ்ல கட்டிப்போடுவனுங்க!"

பத்து நிமிஷம் பேசினார். சுழிக்காரர் கைகட்டி நின்றார். தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டவில்லை. டீச்சரம்மா போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "அண்ணா, சுழி பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவனின் திகைப்பு இருந்தது. "மறந்துபோட்டேன் கண்ணு."

ஒரு மாதத்தில் டீச்சரம்மாவின் அண்ணன் வந்து தை மாதத்துக்குப் பேசி முடித்தார். தறி ஓட்டுகிறவர். சுழிக்காரரிடமே சுழி பார்க்கக் கற்றுக்கொண்ட சீடர். குருவின் வாக்கை நம்பித் தன் நல்ல ஜோடிக் காளைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்ட உத்தமர்.

கலியாணம் என்று வந்ததும் மாப்பிள்ளைக்கு ஒரு வாகனம் வேண்டியிருந்தது. மில்காரர்கள் எல்லாம் கார் வாங்கிக்கொண்டிருந்த காலம். இவரும் கோயம்புத்தூர் போய் ஒரு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். "மொழுக்குன்னு இருக்குதுங்க. இதுல என்னத்தப் பாத்து வாங்கறது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். விதி எழுதாத பொருளை வீட்டுக்குள் விட அவர் தயாரில்லை.

ஆகவே குதிரை. அந்தியூர் தேர்த் திருவிழாச் சந்தையில் குதிரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இருபது வருஷமாக அங்கே வந்த குதிரை ஒவ்வொன்றுக்கும் ஒரு தோஷத்தை இவர்தான் ஊரறியச் சொல்லி வைத்திருந்தார். இனி அதில் ஒன்றை வாங்கினால் ஊர் சிரிக்கும். தன் வாயாலேயே சொந்த தேசத்தின் கதவையெல்லாம் சாத்திக்கொண்ட மனிதருக்குக் கடல்தான் பாக்கி இருந்தது.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் எழுத்தராக இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், துரை சீமைக்குத் திரும்புகிறார், சவாரிக் குதிரையை விட்டுவிட்டுப் போகிறார் என்று கடிதம் போட்டார். பெர்மிட்டு, டாக்டர் சர்டிபிகேட்டு என்று நான் கை ஓயக் கடிதம் எழுதினேன். பிறகு நானும் அவரும் தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து கப்பல், மறுபடியும் ரயில் என்று மலை ஏறிப் போனோம். ஒரு பை நிறையச் சுழிப் பலன் எழுதிய நோட்டுகள் கொண்டுவந்திருந்தார். துரையின் லாயத்து வாசலில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி நின்றார்.

பனி விலகாத காலை. உள்ளேயிருந்து அது வந்தது. செந்நிறப் பெண் குதிரை. ஈரப் புல்லை மிதிக்கலாமா என்று ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து வைத்தது. பனிக்குள் அதன் மூச்சு வெள்ளையாகச் சுருண்டது. கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது. அந்தப் பார்வையில் எங்கள் இருவருக்கும் ஏதோ தோஷம் இருப்பதைக் கண்டுகொண்டது போலிருந்தது. அதைப் பெரிதுபடுத்த விரும்பாத பெருந்தன்மையும் இருந்தது.

"அண்ணா, பிடரியத் தூக்கிப் பாக்கலீங்களா? சுழி..."

"ஸ்ஸ்! சத்தம் போடாதே கண்ணு. மூச்சு உடுது பாரு."

நோட்டுப் பை லாயத்து வாசலிலேயே கிடந்தது. ஊர் திரும்பி வெகுநாள் கழித்துத்தான் அதன் ஞாபகமே வந்தது.

திரும்பும் கப்பலில் குதிரை திடமாக நின்றது. சுழிக்காரர்தான் அதன் காலடியில் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். யார் யாரைக் கொண்டுவருகிறார்கள் என்று கப்பல்காரர்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நோய் இல்லை என்ற சான்று வரும்வரை தனுஷ்கோடி மணலில் ஒன்பது நாள் இருந்தோம். ஒன்பது நாளும் அவர் குதிரைக்குக் குடை பிடித்தார். நான் அவரோடு வெயிலில் நின்றேன். எனக்கு ரெட்டைச் சுழி, தாங்கும்.

சரக்கு வண்டியில் பழனி, பொள்ளாச்சி வழியாகப் போத்தனூர் வந்து இறங்கினோம். அங்கிருந்து பல்லடத்துக்குச் சவாரியில் போவார் என்று எதிர்பார்த்தேன். குதிரையேற்றம் தெரியாது என்ற சின்ன விவரத்தை அவர் அப்போதுதான் என்னிடம் சொன்னார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் குதிரை, அதற்குப் பின்னால் அதன் சேணத்தைத் தலையில் சுமந்தபடி நான். சூலூர்ப் பக்கம் ஒருத்தர் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏனுங்க, குதிரைங்கறது ஏறிப் போறதுக்குத்தானுங்களே?"

"புது ஊருங்க. அதுக்கு வழி தெரியாது. கூட்டிப் போய்க் காட்டறனுங்க."

பல்லடமே பேக்டரி வாசலில் நின்றது. பிற தேசத்துக் குதிரை என்றதும் ஆகாயத்திலிருந்து இறங்கும் என்று நினைத்திருந்தார்கள். "சிலோனுங்களா? அங்கிருந்து ரேடியோவுல பாட்டுத்தானுங்களே வரும்?" என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார். டீச்சரம்மாவின் அண்ணன் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றினார். சீடரல்லவா, குருவிடம் கற்றபடியே இடது கையால் பிடரி மயிரைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"மாப்பளைங்க... இது என்னதுங்க?"

சுழிக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இறங்குவதை அன்றுதான் பார்த்தேன். "ஈ கடிச்ச தழும்புங்க."

"தழும்புல மசுரு சுத்துமுங்களா? பெண்டிழந்தானுங்க இது! நீங்க சொல்லிக்குடுத்தது தானுங்க!"

பெண்டிழந்தான் சுழி. அந்தப் பிராணியை வைத்திருப்பவன் பெண்டாட்டியை இழப்பான் என்று பெயரே சொல்லிவிடும். கலியாணம் பேசாதிருந்தால் இவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் வந்திருக்காது. இழப்பதற்குத் தையில்தான் ஆள் வருவதாக இருந்தது. தைக்கு மூன்று வாரம் இருந்தது.

"குதிரை இருக்கற ஊட்டுக்கு என்ற தங்கச்சி வரமாட்டாளுங்க. ஒண்ணு அது, இல்லாட்டி அவ." சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டார்.

அடுத்த மூன்று நாள் சுழிக்காரர் சாப்பிடவில்லை. வாதம் மட்டும் செய்தார். "சிலோன்ல போட்ட சுழி இங்க செல்லுமுங்களா? கடல் தாண்டினா தோஷம் கழியாதா?" என்று சொல்லி அனுப்பினார். "அந்த ஊரு நோட்டுத்தானுங்க இங்க செல்லாது, சுழி செல்லும்" என்று பதில் வந்தது. இதற்கிடையில் முன்னொரு காலத்தில் இவரால் காளை இழந்தவர்கள் எல்லாம் வர ஆரம்பித்தார்கள். தாராபுரத்திலிருந்து ஒருத்தர் பஸ் பிடித்து வந்தார். "ஒண்ணுமில்லீங், சும்மா குதிரையப் பாத்துட்டுப் போலாமுன்னு." பிடரியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நல்ல சாப்பாடு சாப்பிட்டவர் முகத்தோடு போனார்.

"அண்ணா, சுழியெல்லாம் பொய்யின்னு சொல்லிப்போடுங்களேன்" என்றேன்.

"இருபது வருசமா சொல்லியிருக்கறேன் கண்ணு. இன்னிக்குப் பொய்யின்னா, அவிங்க வித்த மாட்டையெல்லாம் யாரு திருப்பிக் குடுக்கறது?"

நான்காம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். "சிலோனுக்கு ஒரு லெட்டர் போடு. திருப்பிக் கூட்டிட்டு வாரோமுன்னு." குதிரையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். அது அவர் சட்டைப் பையைத் தின்றுகொண்டிருந்தது. நான் பேனாவை எடுக்கும்போது டீச்சரம்மா வந்தார். பின்னாலேயே தடுத்துக்கொண்டு அண்ணன்.

"ஏண்ணா, இந்தச் சுழி யாரக் காவு வாங்கும்?"

"வெச்சிருக்கறவனோட பொஞ்சாதியக் காவு வாங்கும் அம்மணி."

"வெச்சிருக்கறது பொம்பளையா இருந்தா?"

அண்ணன் வாயைத் திறந்தார். சாஸ்திரத்தில் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. அவர் குருவைப் பார்த்தார். குரு தரையைப் பார்த்தார்.

டீச்சரம்மா கணக்குப் பாடம் முடித்த தோரணையில் சுழிக்காரர் பக்கம் திரும்பினார். "குதிரைய என்ற பேருக்கு எழுதிப் போடுங்க. எனக்குத்தான் பொஞ்சாதி கெடையாதுங்களே. பலிச்சா பலிச்சுட்டுப் போகட்டும்."

அன்றே பத்திரம் எழுதப் போனோம். பத்திர எழுத்தர் நிலப் பத்திரம் எழுதிய பழக்க தோஷத்தில் நான்கெல்லை கேட்டார். "கிழக்கே தலை, மேற்கே வாலுன்னு போடுங்க" என்றார் சுழிக்காரர். "குதிரை திரும்பி நின்னா பத்திரம் செல்லாதுங்களே?" என்று எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் 'பிடரிச் சுழி உட்பட' என்று எழுதி, அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தையில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை நடந்துதான் வந்தார். மூன்று தடவை ஏறி மூன்று தடவை விழுந்திருந்தார். "என்ற குதிரை மேல என்னக் கேக்காம ஏறாதீங்க" என்று சொந்தக்காரி உத்தரவு போட்டுவிட்டார்.

அதன் பிறகு கடல் கடந்து வந்த அந்தச் சவாரிக் குதிரையின் மேல் யாரும் சவாரி செய்ததில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது டீச்சரம்மா முன்னால் நடப்பார். நாலடி பின்னால் சுழிக்காரர், அவருக்கு நாலடி பின்னால் குதிரை. ஆடிக் காற்றில் பஞ்சு பறந்து மூன்று பேர் தலையிலும் ஒரே மாதிரி உட்காரும். சுழி பார்க்க யாராவது கூப்பிட்டால், "இப்ப கண்ணு செரியாத் தெரியறதில்லீங்க" என்று அவர் நழுவிவிடுவார். அரை மைல் தூரத்தில் மனைவி கைக்குட்டையைத் தவறவிட்டால் மட்டும் தெரியும்.

ஒரு சீசனில் பேக்டரிச் சாவி வாங்க விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். லாயத்தில் சுழிக்காரர் நின்றுகொண்டிருந்தார். பிடரியைத் தூக்கி, விளக்கெண்ணெய் தடவி, மரச் சீப்பால் அந்தச் சுழியை எதிர்ப்பக்கமாக வாரிக்கொண்டிருந்தார். வாரி முடித்ததும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். கையை எடுத்தார். மயிர் மெல்ல எழுந்து பழையபடி சுற்றிக்கொண்டது. மறுபடியும் எண்ணெய் தொட்டார். கலியாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது.

"அண்ணா, குதிரை டீச்சரம்மா பேர்லதானுங்களே இருக்குது? இன்னும் என்னத்துக்குங்க?"

அவர் திரும்பவில்லை. "பத்திரத்துல எழுதினது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சுழிக்குப் படிக்கத் தெரியுமா கண்ணு?" சீப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவகிட்டச் சொல்லிப்போடாதே. சிரிப்பா."

நான் சொல்லவில்லை. குதிரை போய், அவரும் போய் நாலு வருஷம் கழித்து, போன மாதம் டீச்சரம்மாவைப் பார்க்கப் போனேன். தலை முழுக்க வெள்ளை. கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு பல் போன அதே மரச் சீப்பு.

"இன்னும் மாத்தலீங்களாம்மா?"

"அவரு இருந்தப்ப இதுல தெனமும் செவப்பு மசுரு இருக்குமுங்க. எடுத்துப் போட்டுட்டுத்தான் தலை வாருவேன்" என்றார். "ஏன்னு அவருகிட்டக் கேட்டதே இல்லீங்க. கேட்டா வெக்கப்பட்டுட்டு நிறுத்திப் போடுவாரு."