ஒரு சுளகு தவிடும் ஒரு கப்பற்பயணமும்

இந்தக் கதையை எனக்கு முதன்முதலாகச் சொன்னவர் எங்கள் ஒழுங்கையிலே குடியிருக்கிற இரத்தினம்மா அக்கா. போன ஆடி அமாவாசைக்குக் கீரிமலையிலே முழுகிவிட்டு, ஈரத்தலை காயுமட்டும் கோயில் வீதியிலே இருந்தபோது சொன்னார். அக்கா பொய் சொல்லமாட்டார். கோயில் வீதியிலே இருந்து சொல்லவே மாட்டார். ஆகையால் இதை நம்பலாம்.

உடுவில் ஞானாம்பிகைக்குச் சொந்தத்திலே பிள்ளை இல்லை. தங்கை செல்வநாயகியின் மகள் குணலட்சுமியைத்தான் வளர்த்தாள். பிள்ளைக்கு ஆறு வயது. தங்கையின் புருஷன் அருளம்பலம் மலாயாவிலே, ஈப்போவில் ரயில்வேக் கிளாக்கர். அந்த ஊர்க் காய்ச்சலுக்குப் பயந்து குழந்தையை அக்காவிடம் விட்டுப் போயிருந்தார்கள். இப்போது செல்வநாயகி திரும்பவும் பிள்ளைத்தாய்ச்சி. மாசியிலே பேறு.

"அக்கா, நீ பக்கத்திலை இல்லாமல் பெற எனக்குப் பயமாய்க் கிடக்கு. என்ரை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா" என்று எழுதி, கப்பல் ரிக்கற்றும் அனுப்பியிருந்தாள். கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதை விட்டால் அடுத்த கப்பல் பிள்ளை பிறந்த பிறகுதான்.

பிறர் பிள்ளையைக் கடல் கடந்து கூட்டிப்போகிறவர்கள் தகப்பனுடைய சம்மதக் கடிதத்தைக் காட்டிப் பத்திரம் எடுக்கவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நல்ல விதிதான். ஞானாம்பிகை பிள்ளையார் சுழி போட்ட அருளம்பலத்தின் கடிதத்தை மடித்து இடுப்பிலே செருகிக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்துப் பட்டணத்து அரசாங்கக் கந்தோருக்குப் போனாள்.

அங்கே பெரிய கிளாக்கர் மார்க்கண்டர் வீற்றிருந்தார். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு, கோட்டுக்குள்ளே கழுத்திலே கட்டின ரை. இடக்கையிலே வாசனைத்தண்ணீர் தெளித்த கைலேஞ்சி. அந்த லேஞ்சியை எந்நேரமும் மூக்கிலே பொத்தியபடியே இருப்பார். அது சீமை நாகரிகமாம். சின்னக் கிளாக்கர்மார் மூவரும் அதைப் பார்த்துத் தாங்களும் ஆளுக்கொரு லேஞ்சி வாங்கிப் பொத்தத் தொடங்கினார்கள். ஆகையால் அந்தக் கந்தோரிலே சகல அலுவலும் ஒற்றைக் கையாலேயே நடந்து வந்தது.

"இந்தப் பிள்ளை உம்முடையதோ?"

"இல்லை ஐயா, தங்கச்சியின்ரை."

"உம்முடையது இல்லை எண்டதுக்கு அத்தாட்சி?"

ஞானாம்பிகை பிறப்புப் பத்திரத்தையும் கடிதத்தையும் நீட்டினாள். மார்க்கண்டர் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார்.

"'என் மகள் குணலட்சுமி என்கிற தவிட்டம்மாவை.' இதென்ன இரண்டு பேர்?"

"அது ஐயா, இவளுக்கு முந்தி மூண்டு பிள்ளையள் தங்கேல்லை. இவள் பிறந்த முப்பத்தோராம் நாள் எனக்குத் தவிட்டுக்கு வித்தவை. ஒரு சுளகு தவிடு குடுத்து நான் வாங்கினனான். அப்பிடிச் செய்தால் பிள்ளை தங்கும் எண்டு ஊர் வழக்கம். பொம்பிளைப் பிள்ளைக்குத் தவிட்டம்மா எண்டு பேர். ஆம்பிளைப் பிள்ளையெண்டால் மூக்கும் குத்திவிடுவினம்."

மார்க்கண்டர் லேஞ்சியை இன்னும் இறுக்கிப் பொத்தினார்.

"வித்ததோ!"

"ஓம் ஐயா."

"அப்ப இந்தக் கடிதம் செல்லாது. வித்த பொருளுக்குச் சம்மதம் குடுக்க வித்தவருக்கு உரித்து இல்லை."

"அப்ப நானே சம்மதம் தாறன் ஐயா."

"உம்மடை பிள்ளை இல்லை எண்டு நீர்தானே இப்ப சொன்னனீர்? அதோடை, வாங்கினதுக்கு உறுதிப் பத்திரமும் இல்லை."

"அப்ப பிள்ளை ஆருக்குச் சொந்தம் ஐயா?"

"அதுதான் கேள்வி," என்று சொல்லி மார்க்கண்டர் எழுதினார்: 'மேற்படி பிள்ளை தற்சமயம் எவருக்கும் உரியதன்று.'

எவருக்கும் உரியதல்லாத பிள்ளை பெரியம்மாவின் சேலைத் தலைப்பை வாயிலே வைத்துச் சப்பிக்கொண்டு நின்றது.

இதற்கு ஒரே பரிகாரம் விற்பனையை ரத்துச் செய்வது என்று தீர்ப்பாயிற்று. தவிடு திரும்பிவர வேண்டும்.

"அந்தத் தவிட்டை அப்பவே தங்கச்சியின்ரை பசு திண்டிட்டுது ஐயா."

"திண்டதுக்கு விதானையாரிட்டை எழுதி வாங்கும்."

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் முருகேசு பசுவை மூன்று நாள் விசாரணை செய்தார். பிறகு எழுதினார்: 'மேற்படி தவிடு மேற்படி பசுவினால் மேற்படி தினத்திலேயே பூரணமாக உட்கொள்ளப்பட்டதென்றும், மீட்கத்தக்க நிலையில் இல்லையென்றும் இதனால் அறியத்தருகிறேன்.' அதைப் பார்த்த மார்க்கண்டர், அதே தரத்துத் தவிடு வேறு கொண்டுவரலாம், விற்றவர்கள் சார்பிலே விதானையாரே அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தயை செய்தார். இதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. அன்றிரவே ரயில் கோச்சி ஏறினால்தான் கப்பலைப் பிடிக்கலாம்.

அந்தக் கடைசி நாள் காலை விதானையார் ஒரு சுளகு தவிட்டோடு கந்தோர் நடுவிலே நின்றார். எதிரே ஞானாம்பிகை நின்றாள்.

"வாங்கும்," என்றார் மார்க்கண்டர்.

அவளுக்குக் கை எழவில்லை. தவிட்டை வாங்கினால் பிள்ளை தன்னுடையதல்ல. வாங்காவிட்டால் கப்பல் இல்லை. தங்கை அங்கே தனியே கிடப்பாள். ஆறு வருஷம் தலை இழுத்து, சோறு தீத்தி, காய்ச்சலிலே மடியில் போட்டு, நல்லூரானுக்கு நேர்ந்து வளர்த்ததெல்லாம் அந்தச் சுளகிலே தவிடாய்க் கிடந்தது. "முருகா" என்றுகொண்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"பொறும். தரம் பாக்கவேணும்," என்று மார்க்கண்டர் எழும்பி வந்து சுளகுக்குள்ளே குனிந்தார். அந்த நேரம் பார்த்து யன்னலாலே ஒரு வாடைக்காற்று வந்தது. தவிடு எழும்பியது. அவர் தும்மினார். திரும்பத் தும்மினார். மூன்றாம் தும்மலிலே லேஞ்சி பறந்து போய்த் தவிட்டிலே விழுந்தது.

"பெரியம்மா!" என்றாள் குணலட்சுமி. "ஐயாவுக்கும் மூக்குக் குத்திக் கிடக்கு!"

சின்னக் கிளாக்கர்மார் மூவரும் கடுதாசிக்குள்ளே குனிந்தார்கள். மார்க்கண்டருடைய ஊர்க்காரனான பியோன் கந்தப்பு மட்டும் சந்தோஷமாகச் சொன்னான்:

"ஓம் பிள்ளை, ஐயாவையும் தவிட்டுக்குத்தான் வித்தது. வாங்கினது எங்கடை ஆச்சிதான். நல்ல தவிடு."

ஞானாம்பிகைக்குக் குத்திக் கதைக்கத் தெரியாது. அவள் உண்மையாகவே பயந்துபோய்க் கேட்டாள்:

"ஐயா, நீங்கள் உத்தியோகத்துக்கு வரேக்கை ஆர் சம்மதம் எழுதினது?"

"என்ரை அப்பு."

"வித்தவருக்கு உரித்து இல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்? அப்ப நீங்கள் வைக்கிற கையெழுத்துச் செல்லுமோ? பிள்ளையோடை நான் நடுக்கடலிலை நிக்கேலாது ஐயா."

மார்க்கண்டர் திரும்பிப் போய்க் கதிரையிலே அமர்ந்தார். பதினேழு வருஷமாக அவருடைய கையெழுத்தோடு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எல்லாரும் அந்தக் கணத்திலே நடுக்கடலுக்குத் திரும்பி வந்தார்கள். மாதச் சம்பளங்களும் வந்தன. சின்னக் கிளாக்கர்மாரிலே ஒருவர் தன் லேஞ்சியை மெல்லக் கீழே வைத்தார். மற்ற இருவரும் இன்னும் இறுக்கிப் பொத்தினார்கள்.

மார்க்கண்டர் பேனையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து எழுதினார்: 'தவிடு சம்பந்தமான சகல விஷயங்களும் இக்கந்தோரின் பார்வைக்கு அப்பாற்பட்டவை. தகப்பனின் கடிதம் ஏற்கப்பட்டது.' முத்திரையும் குத்தினார்.

"தவிட்டை என்ன செய்யிறது?" என்றார் விதானையார்.

"கொண்டுபோம் ஐசே! உடனை கொண்டுபோம்!"

ஆக, தவிடு கைமாறவில்லை. ஞானாம்பிகை அதைக் கண்ணாலும் பார்க்காமல் பிள்ளையைத் தூக்கி இடுப்பிலே வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஈப்போ ஸ்டேசனிலே செல்வநாயகி தூக்கமாட்டாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "என்ரை குஞ்சு!" என்று இரண்டு கையையும் விரித்தாள். குணலட்சுமி பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள்:

"நீங்கள்தான் என்ரை அம்மா எண்டதுக்கு அத்தாட்சி?"

செல்வநாயகி அழத் தொடங்கினாள். ஞானாம்பிகையும் அழுதாள். அருளம்பலம் அழவில்லை. அவரும் அரசாங்கத்து உத்தியோகத்தர் அல்லவா? "கேள்வி ஒழுங்கான கேள்விதான்," என்று சொல்லி, கோட்டுப் பையிலே கடுதாசி தேடினார்.

மாசியிலே ஆண்பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் அதையும் பெரியம்மாவுக்கே தவிட்டுக்கு விற்றார்கள். இம்முறை அருளம்பலம் மூன்று பிரதியிலே உறுதி எழுதி, சாட்சியும் வைத்தாராம்.

கதை இவ்வளவுந்தான். எங்கள் கடைக்குட்டிக்கு வருகிற கிழமை அதே கந்தோரிலே ஒரு அலுவல் இருக்கிறது. உங்கள் வீட்டிலே தவிடு கிடந்தால், மாட்டுக்கு வைக்கமுன்னம், கந்தோருக்குக் கொண்டுபோக எனக்கு ஒரு பிடி எடுத்து வையுங்கோ.