கீழ்வீட்டைக் காலி செய்யச் சொல்லும் விஷயமாக

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவின் இடது முழங்காலும் தவிர எல்லாரும் நலம். நீங்களும் அங்கு நலமாகத்தான் இருப்பீர்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டுக் கவலை ஏது.

நான் ஓய்வு பெற்ற அன்று, "அத்தான், பணத்தைப் பேங்குல தூங்க விடாதீங்க, மேல மாடி கட்டுங்க, வாடகை மாசாமாசம் தானா வந்து விழும், காலை நீட்டி உக்காரலாம்" என்று சொன்னவன் நீ. கீழ்வீட்டுக்குத்தான் நல்ல வாடகை கிடைக்கும், நீங்கள் மாடிக்குப் போய்விடுங்கள் என்றவனும் நீதான். போனோம். படி இருபத்திரண்டு. உன் அக்கா கீழே இறங்கி மூன்று மாதமாகிறது, டாக்டர் படியே கூடாது என்றுவிட்டார். சொந்த வீட்டு வாசலை அவளால் மிதிக்க முடியவில்லை என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே கீழ்வீட்டுக்காரரைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். அதுதான் என்னால் முடியவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சண்டைக்காரராக இருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிவிடுவேன், இவரோ தங்கமான மனிதர். முதல் முறை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். உட்காரவைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். உள்ளே குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "பரவாயில்லைங்க சார், நாங்க சமாளிச்சுக்கிறோம்" என்றார். அவ்வளவுதான், கூனிக்குறுகிப் போய், புதுக் குழாய் மாட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு ஏறி வந்தேன். இரண்டாம் முறை போனபோது அவர் மனைவி குளியலறைக் கதவை இரண்டு கையாலும் தூக்கி மூடிக்கொண்டிருந்தார், கதவை மாற்றினேன். மூன்றாம் முறை ஒன்றும் உடைந்திருக்கவில்லை, அப்பாடா என்று வாயைத் திறந்தேன், சுவர் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது, நானாகவே பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இப்போது பிளம்பருக்கும் தச்சருக்கும் கேட்டைத் திறந்துவிடுவதுதான் என் உத்தியோகம். வாடகை வருவதென்னவோ வருகிறது, வந்த கையோடு கீழேயே போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் உன் அக்கா படிமுனையில் நின்று, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்கிறாள். பேச்சு எடுத்திருக்கிறேன் என்கிறேன். எங்கே எடுத்தேன்!

என்னால் ஆகாதப்பா. நீ வாயால் ஊரையே விற்றுவிட்டு வருகிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போ. நான் அந்த நேரம் கடைக்குப் போயிருப்பேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் எல்லார் முழங்கால்களும் நூறு வயது வரை மடங்கி நிமிரட்டும்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்ட
அத்தான்

பி.கு.: நீ வர வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது கண்ணாடிக்கடைக்காரரே மாடியேறி வந்தார். கடைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு கிடைத்திருக்கிறதாம், மாதக் கடைசியில் காலி செய்துகொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என் பாழும் வாய் இருக்கிறதே, "ஏன் சார் போறீங்க? சமையல் மேடைய மாத்தித் தரேன், இருங்க" என்று சொல்லிவிட்டது. இவ்வளவு சொன்ன பிறகு போக மனசு வரவில்லை என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். உன் அக்கா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. அவர் இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்து, "அடுத்த மாச வாடகை வந்ததும், பால்கனியில போட்டுக்க எனக்கு ஒரு நாற்காலி வாங்கிக் குடுங்க" என்றாள்.