ஆறாம் நம்பர் தட்டும் என் மானமும்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவன் ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சௌக்கியம் என்று எழுதினால்தான் கடிதம் கடிதமாக இருக்கும் என்பதால் அப்படியே வைத்துக்கொள். நீயும் உன் வீட்டாரும், நீ தலைமையாசிரியராக இருந்து மேய்க்கிற அந்த எண்ணூறு பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் அக்காவுக்குப் பாம்புச் செவி. நான் போனைக் கையில் எடுத்தாலே அடுத்த அறையில் மிக்ஸி நின்றுவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குக் கை நடுக்க நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது என்பதும், என் மகள் தன்னுடைய ஆராய்ச்சிக்கூடத்தில் அதே நோயைப் பற்றித்தான் மூன்று வருடமாக ஆராய்கிறாள் என்பதும் உனக்குத் தெரியும். நம் செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் பொடிப்பொடி உறுப்புகள் இருக்கின்றனவாம். அவை பழுதானால் செல்லே அடையாளம் போட்டு, ஒரு பையில் கட்டி, கரைத்துவிடுமாம். அந்தத் துப்புரவு வேலை ஒழுங்காக நடக்காவிட்டால் குப்பை தேங்கி நரம்பு செல்கள் கெடுகின்றன, இந்த நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். மூளையைக் கிள்ளி எடுக்க முடியாதே, அதனால் கைத்தோலில் ஒரு பொட்டு எடுத்து, தட்டில் வளர்த்துப் பார்க்கிறார்கள். நோயாளியோடு ஒப்பிட, அதே வீட்டில் அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிற நோயில்லாத ஆள் ஒருவர் வேண்டும் என்றாள். என்னை விட்டால் யார்? கையை நீட்டினேன். உன் அக்கா ஐந்தாம் நம்பர், நான் ஆறாம் நம்பர். படிவத்தில் என் பெயருக்கு எதிரே ‘ஆரோக்கியமானவர்’ என்று போட்டிருந்ததைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தேன்.

அதோடு என் நல்ல காலம் முடிந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் மகள் சாப்பிட உட்கார்ந்தவள், “அம்மா, உங்க செல் அவ்வளவு சுத்தமா இருக்கும்மா, எனக்கே நம்ப முடியல. அப்பாவோடதுலதான் குப்பை அப்படியே தேங்கிக் கிடக்கு” என்றாள். உன் அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “இதைக் கண்டுபிடிக்க மூணு வருஷமா? என்னைக் கேட்டிருந்தா கல்யாணமான மாசமே சொல்லியிருப்பேனே” என்றாள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு மரியாதை கிடையாது. படித்த பேப்பரை மடிக்காமல் வைத்தால், “அவரைச் சொல்லிக் குத்தமில்ல, அவர் செல்லே அப்படி.” குளித்த துண்டு நாற்காலியில் கிடந்தால், “ஆறாம் நம்பர் வேலை.” இருபது வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த பழைய ரேடியோ உதிரிகளை, உள்ளே இருக்கிற குப்பை போதும் என்று சொல்லிப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மாடி வீட்டுப் பல் டாக்டர் படியில் நிறுத்தி, “உங்களுக்குள்ள ஏதோ துப்புரவுப் பிரச்சனையாமே?” என்று விசாரிக்கிறார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான். உன் அக்காவோ கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறுகிறாள். எட்டு மாதமாக மூடிக் கிடந்த தையல் மெஷினின் உறையைக் கழற்றி எனக்கு ஒரு சட்டை தைத்தாள். ஒரு கை இரண்டு விரற்கடை நீளம். “மெஷின்ல தப்பில்ல, உங்க கைதான் குட்டை” என்கிறாள். அதைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

பொறுத்தது போதும் என்று போன வாரம் நானே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். காலுக்கு உறை, தலைக்கு உறை, மேலே ஒரு அங்கி எல்லாம் மாட்டி உள்ளே விட்டார்கள். செல்களுக்கு வேளாவேளைக்குத் தீனி போடும் அம்மாள் நல்ல மாதிரி. “உங்களுது கொஞ்சம் சோம்பேறி ஐயா. ஆனா மனசு விடாதீங்க, நான் பார்த்துக்கறேன்” என்று ஆறுதல் சொன்னார். என் செல்லுக்காகப் பிறத்தியார் ஆறுதல் சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டேன் பார். அப்போதுதான் கவனித்தேன். அவர் என் தட்டைத் திறந்து மூடியைத் தனியே வைத்தார். நம்பர் மூடியில் எழுதியிருந்தது. தட்டின் அடியில் ஒன்றுமே இல்லை. “எப்பவும் அடியிலதான் எழுதணும் ஐயா. இந்த அஞ்சு, ஆறு ரெண்டு தட்டு மட்டும் உங்க பொண்ணு எழுதினது, ஏதோ அவசரம் போல” என்றார்.

முப்பத்தோரு வருடம் பெயின்ட் கம்பெனிக் கிடங்கைக் கட்டி மேய்த்தவன் நான். மூடியில் எழுதாதே, டப்பாவில் எழுது என்பதுதான் அங்கே முதல் பாடம். நான் சேர்ந்த புதிதில் ஒரு மூடி மாறி, பிரசவ ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக்குப் பதில் கறுப்பு போய்ச் சேர்ந்து, இரண்டு அறை அடித்து முடித்த பிறகுதான் சந்தேகமே வந்தது. ஆகவே எனக்குத் தெரியும், மூடி மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லையாம். செல் ஆணா பெண்ணா என்று பார்த்தாலே போதும், அதே கூடத்தில் முடிகிற வேலை. முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்திய பிறகு நான் ஆண்பிள்ளைதான் என்று நிரூபிக்க வேண்டியிருப்பது தலையெழுத்து. அதற்கும் தயார்.

ஆனால் உன் மருமகள் அசையமாட்டேன் என்கிறாள். “விடுங்கப்பா. உங்களுக்குத் தோத்தது பிடிக்கல, அவ்வளவுதான்” என்கிறாள். ஒப்பிட வந்த ஆரோக்கியமானவனே குப்பைத்தொட்டி என்றால் அவளுடைய மூன்று வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளி. அதற்காகவாவது சோதித்துப் பார் என்றேன். எழுந்து போய்விட்டாள். கண் கலங்கியிருந்தது. ஒரு சின்னச் சோதனைக்குக் கண் கலங்க என்ன இருக்கிறது, நீயே சொல். நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள், மாமா சொன்னால் கேட்பாள். தலைமையாசிரியர் குரலில் கண்டிப்பாக இரண்டு வரி எழுது. என் மானம் உன் கையில்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகளையும் சொல். எல்லோரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்
(ஆரோக்கியமானவர்)

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மகள் யாரிடமும் சொல்லாமல் சோதித்துவிட்டாள். ஆறாம் நம்பர் மூடிக்குக் கீழே இருந்தது பெண்ணின் செல். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போக ஓடிய நாளில், இரண்டு மூடியையும் ஒன்றாகக் கழற்றி மாற்றி மூடியிருக்கிறாள். குப்பை தேங்கிக் கிடப்பது உன் அக்காவின் செல்லில்தான். ஆராய்ச்சி பிழைத்துவிட்டது. “நீங்க சொன்னதுதான்பா சரி” என்று வாசலில் நின்று அழுதாள். எனக்கு இது ஏன் முன்பே உறைக்கவில்லை என்று தெரியவில்லை. என் மானத்தைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவே இல்லை. டாக்டர் கொடுக்கிற மருந்து இதனால் மாறப்போவதில்லை என்கிறாள். ஆராய்ச்சிக்கூடத்துக் கணக்கை அவள் திருத்திக்கொள்ளட்டும். வீட்டில் எதையும் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ அவளுக்கு ஒரு வரியும் எழுதாதே. இதைப் படித்ததும் கிழித்துவிடு. முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக உன் அக்காவிடம் ஜெயித்திருக்கிறேன், ஒருத்தனிடமாவது சொல்லி அழவேண்டும் போலிருந்தது, அதனால்தான் அனுப்புகிறேன். அவள் போன் செய்து என் செல்லைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். “ஆமாக்கா, அத்தான் அப்படித்தான்” என்று மட்டும் சொல்.